காதுக்கு ஒரு கணக்கு

என் தாய்மாமா பல்லடம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். சென்ற பொங்கல் விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். டாக்டரிடம் காதைக் காட்டும்படி முன்பே வற்புறுத்தியிருந்ததால், "மாமா, காது பார்த்தாச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "காசெல்லாம் போன மாசமே பைசல் பண்ணியாச்சு, மாப்பிள்ளை" என்றார். நூல் வாங்கிய கடனைப் பற்றி நான் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

மாமாவுக்கு ஒலி கேட்காமல் இல்லை. கதவைத் தட்டினால் கேட்கிறது. மாடு கத்தினால் கேட்கிறது. நான் பேசுவதும் கேட்கிறது. என்ன பேசுகிறேன் என்பதுதான் விளங்குவதில்லை. "கேக்குது, புரியறதில்லை" என்று அவரே சொல்வார். அவரோடு தறி ஓட்டிய பலரும் இதையே சொல்கிறார்கள். இது ஏன் என்று பார்ப்போமா?

உயிரும் மெய்யும்

"காது", "காசு" என்ற இரு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் உயிரொலிகள் ஒன்றேதான்: ஆ, உ. நடுவில் உள்ள மெய் மட்டுமே வேறுபடுகிறது. உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில், ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடங்கிவிடுகிறது. "காசு" என்பதில் வரும் சகரமோ பாம்பு சீறுவதுபோல் ஒலிக்கிறதல்லவா? அந்தச் சீறலின் ஆற்றல் 4000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள பகுதியில் இருக்கிறது. பேச்சுக்கு உரத்தைத் தருபவை உயிர்கள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்கள்.

இரைச்சலில் பல ஆண்டுகள் வேலை செய்தவரின் காதைச் செவித்திறன் மானியால் சோதித்து வரைபடம் வரைந்தால், 4000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம் தெரியும். தாழ்ந்த அதிர்வெண்களில் காது நன்றாகவே இருக்கும். நாளடைவில் அந்தப் பள்ளம் ஆழமாகி இருபுறமும் அகலும். மாமாவின் காது "கா" என்பதைப் பிடித்துவிட்டது. "உ" என்பதையும் பிடித்துவிட்டது. நடுவில் இருந்த மெய் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. விட்டுப்போன இடத்தை அவருடைய மூளை தன் கவலைக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டது.

தறியின் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும்போது, அடி ஏன் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது? இதற்கு ஒரு முக்கியமான காரணத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம். பதினோராம் வகுப்பில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பக் கருவியைப் பயன்படுத்துகிறோம். ஒரு முனை மூடிய குழாயில், காற்றுத் தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்கும்போது ஒலி ஓங்கி எழும். நம் காதுக் குழலும் அப்படி ஒரு குழாய்தான். வெளிமுனை திறந்திருக்கிறது, உள்முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. நீளம் சுமார் 2.5 செ.மீ. ஆகவே ஒத்ததிரும் அலைநீளம் 10 செ.மீ. காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், அதிர்வெண் 3400 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணையும் அதை ஒட்டியவற்றையும் காதுக் குழல் தானே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. மெல்லிய ஒலிகளைக் கேட்பதற்கு இயற்கை தந்த இந்த உதவி, தறிக்குடோனில் எதிரியாகிவிடுகிறது. சேதத்தின் உச்சம் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைவிடச் சற்று மேலே, 4000 ஹெர்ட்ஸ் வாக்கில் அமைகிறது.

சேதம் எங்கே நிகழ்கிறது? செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வாங்கி, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் செலுத்துகின்றன. அதன் உள்ளே நீளவாக்கில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அந்தச் சவ்வில் ஓர் இடம் பெரிதும் அதிர்கிறது. உயர்ந்த அதிர்வெண்கள் வாயிலுக்கு அருகிலும் தாழ்ந்தவை உட்கோடியிலும் இடம் பெறுகின்றன. இதை ஆராய்ந்து விளக்கிய பெக்கெசி 1961-ல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின்மேல் மயிர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. நம் தலைமயிரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய கையிருப்பு! நாம் பிறக்கும்போது கொண்டுவந்தது அவ்வளவுதான். இறந்த மயிர் செல்லுக்குப் பதில் மனிதரில் புதியது முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்தபோது விஞ்ஞானிகளே வியந்தனர். கோழிக்கு இருக்கும் இந்த வசதி நமக்கு இல்லாமற் போனது ஏன் என்பதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

திருவிழாவில் ஒலிபெருக்கியின் அருகில் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது காதில் "ஙொய்" என்று ஒரு ரீங்காரம் கேட்டிருக்கும். காலையில் எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிட்டதா? 2009-ல் குஜாவா, லிபர்மன் என்னும் இருவர் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் ஒலியில் வைத்துச் சோதித்தனர். எலிகளின் கேட்புத்திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. மயிர் செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் உயர் அதிர்வெண் பகுதியில், மயிர் செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகளில் பாதி வரை அழிந்துபோயிருந்தன. அவை திரும்ப வரவில்லை.

தொண்ணூறும் தொண்ணூறும் எவ்வளவு?

டெசிபல் என்ற அளவு பொதுமக்களை ஏமாற்றிவிடும் அளவு என்று என் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். ஒரு தறியின் அருகே 90 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அதேபோல் இன்னொரு தறியை ஓட்டினால்? 180 என்பவர்கள் உண்டு. விடை 93.

நம் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் செறிவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதாவது 10-இன் அடுக்கு −12. காதில் வலி எடுக்கும் ஒலியின் செறிவு சுமார் 1 வாட். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தை எழுத ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யங்கள் வேண்டும். அதனால்தான் மடக்கை எடுத்து, பத்தால் பெருக்கி, 0 முதல் 120 வரை சுருக்கிக்கொண்டார்கள். செறிவு இருமடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல். 100 டெசிபல் ஒலி அதைவிட நாற்பது அதிகம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதன் செறிவு பத்தாயிரம் மடங்கு.

விசைத்தறியில் நாடாவை ஒரு கட்டை அடித்து மறுபக்கம் எறிகிறது; மறுபக்கக் கட்டை திருப்பி அடிக்கிறது. நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் இந்த அடி விழும். சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். இத்தகைய கூடங்களில் ஒலி 90 டெசிபலைத் தாண்டி 100 வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் போவதுண்டு.

காது சேதமடைவது ஒலியின் உரத்தைப் பொறுத்தது மட்டுமன்று. எவ்வளவு நேரம் கேட்டோம் என்பதையும் பொறுத்தது. 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே.

இப்போது மாமாவின் கணக்கைப் போடுவோம். கூடத்தில் 97 டெசிபல் என்று கொள்வோம். இது 85-ஐவிடப் பன்னிரண்டு அதிகம். அதாவது நான்கு இரட்டிப்புகள், 16 மடங்கு செறிவு. வேலை நேரமோ எட்டு மணியன்று, பன்னிரண்டு. அது ஒன்றரை மடங்கு. 16-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 24. ஒரே நாளில் 24 நாட்களுக்கு உரிய ஒலியை அவர் காது வாங்கியது. கூலி மட்டும் ஒரு நாளைக்கு உரியதுதான்.

இந்த நோய் புதியதன்று. செம்பு தட்டுபவர்கள் காலப்போக்கில் செவிடாகிவிடுகிறார்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமசீனி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளின் பக்கம் நடந்தவர்களுக்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும். 1886-ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சட்டைப்பைக் கடிகாரத்தின் "டிக் டிக்" ஒலியைக் கொண்டு சோதித்தார். அந்த நூறு பேரில் சரியான செவித்திறன் உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

வயதானால் காது மந்தமாவது இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம். 1960-களின் தொடக்கத்தில் சாமுவேல் ரோசன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர் சூடானில் மபான் என்னும் பழங்குடி மக்களிடம் சென்றார். துப்பாக்கியோ இயந்திரமோ இல்லாத அமைதியான ஊர்கள் அவை. அங்கிருந்த எழுபது வயது முதியவர்களின் செவித்திறன், அதே வயதுள்ள அமெரிக்கர்களைவிட மிகவும் நன்றாக இருந்தது. அவர்களுடைய உணவும் இரத்த நாளங்களின் நலமும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதை ரோசனே கருதினார். ஆயினும் முதுமையின் கணக்கில் நாம் எழுதும் செவிட்டுத்தன்மையில் ஒரு பகுதி இரைச்சலின் கணக்கில் எழுத வேண்டியது என்ற ஐயம் அன்று முதல் வலுத்தது.

இரவில் வளைந்து வரும் ஒலி

இரைச்சல் என்றாலே நகரம் என்றும், கிராமம் என்றாலே அமைதி என்றும் கட்டுரை எழுதுவது நம் வழக்கம். தறியை விட்டுவிட்டாலும் இது முழு உண்மையன்று. என் மாமா ஊரில் மாரியம்மன் கோயிலுக்குப் பூச்சாட்டிவிட்டால் பனைமரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிடும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில்தான் நோன்பு, பொதுத்தேர்வும் அப்போதுதான். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபல் என்று கொள்ளுங்கள். எதிர்விகித இருமடி விதிப்படி, தூரம் பத்து மடங்கானால் செறிவு நூறில் ஒரு பங்காகும். அதாவது 20 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் 100. நூறு மீட்டரில் 80. ஒரு கிலோமீட்டரில் 60. பக்கத்து ஊர் மாணவனின் படிப்பறைக்கு, யாரோ எதிரே உட்கார்ந்து பேசுவது போன்ற அளவில் பாட்டு வந்து சேர்கிறது.

பகலில் இவ்வளவு கேட்பதில்லை, இரவில்தான் கேட்கிறது என்று அந்த மாணவன் சொல்வான். அவன் சொல்வது சரி. சுற்றிலும் மற்ற ஓசைகள் அடங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம் வானத்தில் இருக்கிறது. ஒலி வெப்பக் காற்றில் விரைவாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வேறுபாடு. பகலில் தரை சூடாக இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. அதனால் ஒலியலையின் கீழ்ப்பகுதி முந்திச் செல்ல, அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்ந்து, தன்னைத் தொட்ட காற்றையும் குளிர்விக்கிறது. மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது. இப்போது அலையின் மேற்பகுதி முந்துகிறது. அலை தரையை நோக்கி வளைகிறது. தேசிய மாணவர் படை அணிவகுப்பில் வரிசை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கம் நடப்பவர் பெரிய அடி வைக்க, வரிசை உட்பக்கமாகத் திரும்புகிறதல்லவா? அதே கதைதான். கானல் நீரில் ஒளி வளைவதும் இந்த வகைதான், திசை மட்டும் வேறு.

ஆகவே, "ஊருக்கு வெளியே கட்டியிருக்கிறோம், யாருக்கும் தொந்தரவில்லை" என்று மைக் செட்காரர் பகலில் நடந்து பார்த்துச் சொல்வது இரவுக்குப் பொருந்தாது. பறையும் தவிலும் எத்தனையோ தலைமுறையாக நம் ஊர்களில் முழங்கியவை. அவை ஓய்ந்துவிடும், கைகள் களைத்துவிடும். மின்சாரத்துக்குக் களைப்பில்லை. எனக்கு வருத்தம் விழாவின்மேல் அன்று, குழாயின்மேல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45-ம் மிகக்கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். உச்சநீதிமன்றமும் 2005-ல் இந்தக் கட்டுப்பாடுகளை வலியுறுத்தியது. மேலே போட்ட கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் 60 வந்ததை இந்த 45-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்பதில் ஒரு பங்கு

நகரத்தின் இரைச்சல் வேறு குணமுடையது. பேருந்தின் ஆரன் செவியைக் கிழிக்கிறது என்பதைவிட, அது ஓய்வதேயில்லை என்பதுதான் துன்பம். செவிப்பறைக்கு ஆபத்தில்லாத அளவில்கூட அது வேறொன்றைத் தின்கிறது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு பள்ளி, எண் 98. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி உயர்பாலத்தில் ரயில் ஓடியது. ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒவ்வொன்றும் அரை நிமிடம். அப்போது வகுப்பில் 89 டெசிபல். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பாடநேரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இப்படிப் போயிற்று. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் மெக்கார்த்தி என்பவரோடு சேர்ந்து 1975-ல் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து அறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தது தெரியவந்தது. ஒரே பள்ளி, ஒரே பாடம்!

பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். சில வகுப்பறைகளின் கூரையில் ஒலியை உறிஞ்சும் அட்டைகள் பொருத்தினார்கள். 1981-ல் பிரான்சாஃப்ட் மீண்டும் அளந்து வெளியிட்டபோது இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாகப் படித்தனர். நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிகளில் படிக்கும் என் வாசகர்கள், லாரி போகும்போது உங்கள் ஆசிரியர் எத்தனை முறை நிறுத்துகிறார் என்று ஒரு பாடவேளை முழுதும் எண்ணிப் பாருங்கள். நொடிகளையும் குறித்துக்கொண்டால் உங்கள் பள்ளியின் பின்னம் கிடைத்துவிடும்.

கருவி இல்லாமல் ஒலியை மதிப்பிட ஒரு வழி உண்டு. நண்பரைக் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திப் பேசுங்கள். குரலை உயர்த்தினால்தான் கேட்கிறது என்றால் அங்கே 85 டெசிபலை எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது எனலாம். காதில் மாட்டும் இயர்போனுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று 2019-ல் ஓர் அளவு வகுத்தது. 3 டெசிபல் விதியை இங்கும் போடுங்கள்: 89-க்கு ஐந்து மணி நேரம், ஒரு நாளைக்கன்று, ஒரு வாரத்துக்கு.

மாமாவின் மகன் இப்போது அதே ஊரில் தறி ஓட்டுகிறான். பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றான். பஞ்சு ஒலியைச் சிறிதளவே தடுக்கும், அது போதாது என்று சொல்லி, நுரைப்பொருளால் ஆன காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். அதை விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருக வேண்டும்; உள்ளே விரிந்து அடைக்கும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். தறி ஓட்டுபவருக்கு ஒரு நியாயமான கவலை உண்டு. இழை அறுந்ததையும் நாடா தடுமாறுவதையும் அவர் காதால்தான் முதலில் அறிகிறார். நல்ல செவித்திறன் உள்ளவருக்கு அடைப்பான் எல்லா ஒலிகளையும் சேர்த்தே குறைப்பதால், பழகியபின் அந்த வேறுபாடு தெரியும். மாமாவைப்போல் ஏற்கெனவே காது கெட்டவருக்குத்தான் அது சங்கடம்.

அண்மையில் தொலைபேசியில் பேசினேன். "போட்டுக்கறேன் மச்சான், பாதி நேரம். மத்தியானத்துக்கு மேல நூல்காரங்க, மெக்கானிக்குன்னு ஆளு வருவாங்க, பேசோணுமில்ல" என்றான். தாளும் பென்சிலும் எடுக்கச் சொன்னேன். அடைப்பான் ஒரு துளி ஒலியையும் உள்ளே விடாது என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணியில் ஆறு மணி நேரம் கழற்றி வைத்தால், 24 நாள் கணக்கு 12 நாள் கணக்காகிறது. பாதி என்றால் 3 டெசிபல். எவ்வளவு விலையுயர்ந்த அடைப்பானாக இருந்தாலும் அவனுக்கு அது அந்த 3 டெசிபலுக்கு மேல் கொடுக்க முடியாது. மறுமுனையில் சிறிது நேரம் தறியின் சத்தம் மட்டும் கேட்டது. "என்னது, மூணா?" என்றான். ஆமாம், மூன்றுதான் என்று இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.